டீக்கடையோடு நின்ற பாடம்

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அந்தக் கோபத்தைக் கொண்டு சில நல்ல காரியங்களைச் சாதித்திருக்கிறேன் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அதே கோபத்தில் ஒரு பெரிய தப்பும் செய்திருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதினால், கேட்ட நேரத்தில் எனக்குக் கிடைக்காமல் போன ஓர் ஐந்து நாள் பயிற்சியைப் பற்றியும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டையும் பிரிக்க முடியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. சமஸ்தானம் போய்ப் பல வருஷம் ஆகியும் புதுக்கோட்டை தனி ஜில்லா ஆகவில்லை. திருச்சி ஜில்லாவோடு ஒட்டிக்கொண்டிருந்தோம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமையும்வரை இருக்கட்டும் என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்த எனக்கு, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கிராமசேவிகா வேலைக்கு ஆர்டர் வந்தது. டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் பிளாக் ஆபீஸ். அங்கிருந்து சைக்கிளும் நடையுமாக ஏழு ஊர்கள் என் பொறுப்பு. எல்லாமே நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மழையை நம்பிக் கடலை போடுகிற ஊர்கள்.

சேவிகா என்பது வடக்கேயிருந்து வந்த சொல். ஊர்க்காரர்கள் வாயில் அது முதல் வாரத்திலேயே சேவிக்கா ஆகிவிட்டது. சேவி என்பது என் பெயர், அக்கா என்பது மரியாதைக்கு என்று பாதிப் பேர் நினைத்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணிகூட, இருபத்திரண்டு வயதுக்காரியான என்னை "வாங்க சேவிக்கா, மோர் குடிங்க" என்பார். ஒருத்தி, "சேவின்னு பேரு வச்சது யாரு, அப்பாவா அம்மாவா?" என்றே கேட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை. அக்கா அக்கா என்று ஊரே கூப்பிடும்போது, நமக்கு எல்லாம் தெரியும் என்று நாமே நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

அதே ஏழு ஊர்களுக்கு ஓர் ஆண் கிராமசேவக்கும் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், சாதுவான மனிதர். இருவரும் ஒரே வாரத்தில்தான் ஆர்டர் வாங்கினோம். பயிற்சி மட்டும் வேறு வேறு. அவருக்கு மண், உரம், விதை, பூச்சி, மாட்டு நோய், ஆயில் எஞ்சின் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். எங்களுக்குப் புகையில்லா அடுப்பு கட்டுவது, பாவாடை வெட்டுவது, பப்பாளி ஜாம் கிளறுவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது. கல்யாணமாகாத இருபது பெண்கள் ஒரே ஒரு ரப்பர் பொம்மையை மாற்றி மாற்றிக் குளிப்பாட்டினோம். அடுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அது பல கண்களைக் காப்பாற்றியது. ஜாமைத்தான் என் ஏழு ஊரிலும் யாரும் சட்டை செய்யவில்லை. கம்பங்கூழுக்கு இதைத் தொட்டுக்கலாமா என்று ஒரே ஒருத்தி கேட்டாள், அதுவும் என் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மனதில், கிராமத்துப் பெண் என்றால் அடுப்படியில் உட்கார்ந்திருப்பவள். நான் போய்ப் பார்த்தபோதோ அடுப்படியில் யாருமே இல்லை. எல்லோரும் கொல்லையில் இருந்தார்கள். கடலை போடும் மேட்டு நிலத்தை அங்கே கொல்லை என்பார்கள். விதைக் கடலை உடைப்பது அவர்கள், களை வெட்டுவது அவர்கள், செடி பிடுங்கிய பிறகு கடலை ஆய்வதும் அவர்கள். புருஷன்மார் உழுதுவிட்டு, சந்தைக்கும் கோர்ட்டுக்கும் டீக்கடைக்கும் போய் வந்தார்கள்.

அந்த வருஷம் கடலையில் கம்பளிப் பூச்சி விழுந்தது. உடம்பெல்லாம் செம்மயிர் சிலிர்த்த புழு. விட்டால் இரண்டே நாளில் ஒரு கொல்லையை மொட்டையடித்துவிடும். அதற்கு பிளாக் ஆபீஸில் ஒரு பவுடர் கொடுத்தார்கள். காலையில் பனி ஈரம் காய்வதற்குள் இலைமேல் தூவ வேண்டும். தூவுகிற மெஷின் ஒன்றுதான் இருந்தது, அது பெரிய வீட்டுக்காரர்களைத் தாண்டி வராது. மற்றவர்கள் கிழிந்த வேட்டித் துணியில் பை தைத்து, பவுடரை அதில் போட்டு, செடிமேல் உதறிக்கொண்டே நடந்தார்கள். அப்படி நடந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரு காலையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வரிசையாக ஆறேழு பேர், புருவமும் முந்தானையும் வெள்ளை பூத்துப்போய், சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். தூவி முடித்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கொண்டுவந்த கூழைக் குடித்தார்கள்.

அந்தப் பவுடரை எல்லோரும் மருந்து என்றார்கள். ஆபீஸ் தாளில் பூச்சிமருந்து. பேச்சில் வெறும் மருந்து. காய்ச்சலுக்கு வாங்கிக் குடிப்பதும் மருந்து, பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பதும் மருந்து, இதுவும் மருந்து. விஷம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில், பிளாக் ஆபீஸின் தலைமை அதிகாரியான பி.டி.ஓ. ஓர் உத்தரவைப் படித்தார். அரசுப் பண்ணை ஒன்றில் பயிர்ப் பாதுகாப்பு பற்றி ஐந்து நாள் பயிற்சி. கிராம ஊழியர்களை அனுப்ப வேண்டும் என்று இருந்தது. நான் கையைத் தூக்கினேன். பி.டி.ஓ. கெட்டவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தபடிதான் கேட்டார்.

"என்னம்மா, நீங்க மெஷின முதுகுல மாட்டிக்கிட்டு மருந்து அடிக்கப் போறீங்களா?"

"நான் அடிக்கலைங்க சார். ஊர்ல பொம்பளைங்கதான் தூவுறாங்க. அவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல."

"அதுக்குத்தான் சேவக் இருக்காரே. ஒங்களுக்கு அடுத்த மாசம் ஊறுகா டிரெயினிங் வருது. பேரு போட்டாச்சு, போயிட்டு வாங்க."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சூடேறியது. ஊறுகாய் போட எங்கள் அம்மாவுக்கு எந்த ஆபீஸில் டிரெயினிங் கொடுத்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கின கோபம் வெளியே போகாமல் உள்ளேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

சேவக் போய் வந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே கற்று வந்தார். வந்த மறுநாளே ஊர் ஊராகப் போய், டீக்கடை முன்னால் நின்று, சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னார். கையால் தொடாதே, மூக்கில் துணி கட்டிக்கொள், காற்றுக்கு எதிரே நடக்காதே, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளி, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதை. இதெல்லாம் அவர் சொன்னார் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். ஓர் ஊரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகத்தான் போனேன். டீக்கடை முன்னால் பெண்கள் நிற்கும் வழக்கம் இல்லை. சேவிக்காவுக்கும் அதே சட்டம்தான். மணியை அடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துவிட்டேன்.

கடையில் இருந்த ஆண்கள் கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். பவுடரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கொடுத்து, "மருந்து. காலையில தூவிட்டு வந்துரு" என்றார்கள். பாடம் டீக்கடையோடு நின்றுவிட்டது. பை மட்டும் வீடு வரை போயிற்று.

சேவக்கைக் குறை சொல்லி என்ன செய்ய? கொல்லையில் குனிந்து வேலை பார்க்கிற பெண்களிடம் வெளியூர் ஆம்பளை ஒருவர் போய் நின்று பேசினால் ஊர் என்ன கதை கட்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, ஆபீஸில் தன் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். "பாத்துக்கங்க. புரியலன்னா கேளுங்க" என்றார். பாதி இங்கிலீஷ், ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கு, ஏதோ ரசாயன எழுத்துகள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆபீஸ் எனக்குக் கொடுக்க மறுத்ததை இவரிடம் போய்ப் பிச்சை கேட்பதா என்று எனக்கு ரோஷம். "பரவால்லங்க, ஊறுகா போடுறவளுக்கு இது எதுக்கு" என்று நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்த வாரம் ஓர் ஊரில் மாதர் சங்கக் கூட்டம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த ஓட்டுக் கட்டடத்தில் இருபது பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எப்போதும் முதல் ஆளாக வருபவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், வாயாடி, இரண்டு ஏக்கர் கடலைக் கொல்லையைக் கிட்டத்தட்டத் தனியாகவே பார்த்துக்கொண்டவள். ஆறு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை விடாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"சேவிக்கா, கொல்லைக்குத் தூவுனது போக அந்த மருந்து ரெண்டு கை மிச்சம் கெடக்கு. இவ தலையப் பாருங்க, ஈரும் பேனுமாப் புழுத்துப் போச்சு. பூச்சிக்குப் போடுறதப் பேனுக்குப் போடலாமா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. "தெரியாது, சேவக்கிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் சரியான பதில். முதல் வார்த்தையைக்கூடச் சொல்லியிருப்பேன்; "சேவக்கிடம் கேட்டு" என்பதுதான் தொண்டையை விட்டு வர மறுத்தது. எங்கள் பயிற்சி ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சிக்காகக் கட்டிலுக்கு ஒரு வெள்ளைப் பவுடர் தூவியதும், யாரோ ஒருத்தி அதைத் தலையிலும் போட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது.

"பேனும் பூச்சிதானே, கொஞ்சமாப் போடுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அக்கறை வேறு வந்துவிட்டது. "வெறும் பவுடராப் போட்டா கண்ணுல விழும். தேங்காண்ணெயில கொழச்சுத் தேச்சு விடுங்க."

அவள் முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் சேவிக்கா வேணுங்கிறது" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான்கு நாள் கழித்து அந்த ஊருக்குப் போனபோது அவள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிள்ளையின் தலை முழுக்கத் தேய்த்து, நன்றாக ஊறட்டும் என்று வெயிலில் உட்கார வைத்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் பிள்ளை வாந்தி எடுத்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, நுரை தள்ளிவிட்டது. மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்கு வந்து, பஸ்ஸை மறித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது. உச்சந்தலை தீப்பட்டதுபோலச் சிவந்திருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் தாய், மறுபக்கம் தகப்பன். அவன் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி அவளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"கொல்லைக்குப் போடக் குடுத்தா புள்ள தலையில தேச்சிருக்கா. ஒனக்குப் புத்தி எங்கிட்டுடி போச்சு? கையாலகூடத் தொடக் கூடாதுன்னு அந்த ஐயா டீக்கடையில படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"எங்கிட்ட நீங்க சொன்னீங்களா?" என்றாள் அவள். சத்தம் எழும்பவில்லை.

அவன் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டினான். அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சேவிக்காதான் சொன்னாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவ்வளவு வசவும் என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நானும் சொல்லவில்லை. வாங்கிப் போயிருந்த பன்னைக் கட்டிலில் வைத்துவிட்டு, பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதை நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் கோழையாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டாம், அதுதான்.

பிள்ளை பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. இழுப்பு நின்றுவிட்டது. கை மட்டும் நடுங்கியது. பலப்பத்தைப் பிடித்தால் எழுத்து பலகையில் நிற்காமல் ஓடியது.

நான் சேவக்கிடம் போய்க் கேட்டேன். ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் குத்திக் காட்டாமல், அவசரத்துக்கு வேண்டியதைச் சொன்னார். ஏழு ஊரிலும் வீடு வீடாக ஓடினேன். பெரும்பாலான வீடுகளில் மிச்சப் பவுடர் அடுப்படியிலேயே, உப்புப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. தலையில் போடாதே, இங்கே வைக்காதே, கையால் அள்ளாதே என்று சொன்னேன். "ஏன் சேவிக்கா, மருந்துதானே?" என்று கேட்டார்கள். ஏன் என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாவது ஏன் கேட்டால் திணறினேன். இரவல் வாங்கின நான்கு வரியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? எனக்கு அந்தப் பயிற்சி முழுசாக வேண்டும். முன்பு அதைக் கேட்டதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது. இப்போது பயம் மட்டும்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதே பயிற்சியின் இரண்டாவது அணிக்கான உத்தரவு வந்தது. நான் எழுந்து நின்றேன். "மறுபடியுமா?" என்று பி.டி.ஓ. ஆரம்பித்தபோதே சொல்லிவிட்டேன். இன்ன ஊரில் இப்படி ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது, பேனுக்குப் போடலாமா என்று அதன் தாய் என்னிடம் கேட்டாள், எனக்குத் தெரியாது, தெரியாமலே போடலாம் என்று சொன்னேன். சிரிக்கக் காத்திருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பி.டி.ஓ. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் தலைமை குமாஸ்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாயால சொன்னதோட இருக்கட்டும்மா. எழுத்துல குடுத்துறாதீங்க, வேலைக்கே வேட்டு வச்சுரும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன்.

வேலை போகவில்லை. இரண்டு நாள் கழித்து பி.டி.ஓ. கூப்பிட்டு அனுப்பினார். "அனுப்பலாம்மா. ஆனா பண்ணையில லேடீஸ் தங்க எடம் இல்லையே. பெரிய ஹால் ஒண்ணு, அதுல ஆம்பளைங்க படுப்பாங்க. வகுப்பு விடிஞ்சதும் கொல்லையிலயே ஆரம்பிச்சிரும், பஸ்ஸுல வந்து போகவும் முடியாது. அதனாலதான் லேடீஸ் பேரே எழுதுறதில்ல" என்றார். முதன்முறையாக உண்மையான காரணம் வெளியே வந்தது. இத்தனை நாள் ஊறுகாய், மெஷின் என்று சொன்னதெல்லாம் மேல்பூச்சு. ஒரு பெண் படுக்க ஓர் அறை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அந்தப் பண்ணைக்குப் போய்ப் பார்த்தேன். பெண் தங்க இடமில்லாத அந்தப் பண்ணையில் முப்பது பெண்களாவது களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் இரண்டு பேர் ஒரு தொட்டியில் முழங்கை வரை விட்டு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் வீடு பண்ணைக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அஞ்சு நாள்தானே, எங்களோட படுத்துக்கங்க, என்ன கொறஞ்சு போச்சு" என்றார். ஓர் அரசாங்கத்துக்கு இத்தனை வருஷமாகத் தீர்க்க முடியாத பிரச்னை இரண்டு வாய் வெற்றிலை போடுகிற நேரத்தில் தீர்ந்தது.

ஆர்டர் வந்தது. அச்சடித்த படிவத்தில் கிராமசேவக் என்று மட்டுமே இருந்தது. குமாஸ்தா சேவக் என்பதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் சேவிகா என்று எழுதியிருந்தார். பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து, தவறு அல்ல என்று உறுதி செய்ய.

பயிற்சியில் இருபத்திரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. சொல்லிக்கொடுத்தவர் காலேஜ் படிப்பு முடித்த இளைஞர். "ஜென்டில்மென்" என்று ஆரம்பித்து, என்னைக் கண்டதும் என்ன சொல்வது என்று தெரியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெளிப்பான் தொட்டியை நான் முதுகில் தூக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது, தண்ணீர்க் குடத்தைவிட ஒன்றும் மோசமில்லை.

மூன்றாம் நாள் அவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எண்ணெய். இரண்டிலும் மருந்தைப் போட்டுக் கலக்கினார். தண்ணீரில் போட்டது கரையாமல் கலங்கி நின்று, பிறகு அடியில் படிந்தது. எண்ணெயில் போட்டதில், கொஞ்ச நேரத்தில் பாதி காணாமல் போயிற்று.

"இந்த விஷம் தண்ணியில கரையாது, எண்ணெயில கரையும்" என்றார். வகுப்பில் அவர் அதை விஷம் என்றுதான் சொன்னார். "அதனால ஒடம்புல வெறும் பவுடர் பட்டா கழுவிரலாம், பெரும்பாலும் போயிரும். எண்ணெய் தேச்ச ஒடம்புல பட்டா தோல் வழியா உள்ள எறங்கிரும். இத நல்லா எழுதிக்கங்க."

இருபத்திரண்டு பேனாக்களும் எழுதின. என்னால் எழுத முடியவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டேன். போடலாம் என்று சொன்னதுதான் என் தப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளாகப் போட்டிருந்தால் வெறும் பவுடரைத்தான் போட்டிருப்பாள். பிள்ளை கண்ணைக் கசக்கி அழுதிருக்கும், கழுவி விட்டிருப்பாள். எண்ணெய் அவள் யோசனை அல்ல. அது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த தாளிலும் அது இல்லை. எண்ணெயில் கரையும் என்ற வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் கேட்டேன், "கெணத்தடியில கலக்குறாங்களே, அவங்களுக்கு இத யாராச்சும் சொல்லியிருக்காங்களா சார்?" அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். "அவங்க கூலியாளுங்க, டிரெயினிங்ல வர மாட்டாங்க" என்றார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். நாலாம் நாள் காலையில் அந்த இரண்டு பெண்கள் கையிலும் ஆளுக்கு ஒரு நீள மரக்குச்சி இருந்தது.

ஐந்தாம் நாள் பண்ணையிலிருந்து ஆபீஸுக்குப் போகாமல் நேரே அந்த ஊருக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு முடி அரை விரல் வளர்ந்திருந்தது. பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு எழுதியதையே திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அன்னைக்கி எண்ணெயில கொழைக்கச் சொன்னேன்ல. அதனாலதான் அத்தனையும் உள்ள எறங்கியிருக்கு. வெறும் பவுடராப் போட்டிருந்தா இவ்வளவு ஆயிருக்காது. ஒங்க மேல தப்பு இல்ல. நான் சொன்னதுதான்."

அவள் கையிலிருந்த கடலையை உடைக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அன்னைக்கி ஒங்களுக்குத் தெரியாதா சேவிக்கா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல."

எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, கேட்டபோது சிரித்தார்கள், ஊறுகாய் போடச் சொன்னார்கள் என்று மடமடவென்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் பேசாமல் நின்றவளுக்கு இப்போது மட்டும் வாய் எங்கிருந்தோ வந்துவிட்டது. அவள் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள்.

"எனக்கும் யாரும் சொல்லித் தரல, ஒங்களுக்கும் யாரும் சொல்லித் தரல. அது சரி" என்றாள். "ஆனா நான் வாயத் தொறந்து கேட்டேன்ல?"

பிறகு எழுந்து முறத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் புருஷனும் என்ன கூட்டம் என்று பார்க்க வந்து நிலையில் சாய்ந்து நின்றான்.

"சேவிக்கா இப்பத்தான் மருந்தப் பத்திப் படிச்சிட்டு வந்திருக்காங்க. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள் அவள். என்னைப் பார்க்காமலேயே, "தெரியாததக் கேட்டா இனிமே தெரியாதுன்னு சொல்லுவாங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று நான் குழைக்கச் சொன்ன எண்ணெயிலிருந்து தொடங்கினேன்.